பொய்ச் சட்டை: அத்தியாயம் ஒன்பது

காரின் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள் ராஜகுமாரி. முன் சீட்டுக்கு வரும்படி மகன் பிரசன்னா சொல்லவில்லை. சொல்வதை விட்டுப் பல மாதங்களாகிவிட்டன.

பேருந்து என்றால் அவளுக்குக் கடைசி வரிசை. ஷேர் ஆட்டோ என்றால் பின்பக்கத் தடுப்பை ஒட்டிய இடம். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தால் அவளால் எந்த வண்டியிலும் உட்கார முடிவதில்லை. அதிலும் அந்த ஆள் பேசாமல் இருந்துவிட்டால் மூச்சு அடைக்கிறது.

அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கணவர் மனோகரன் படுத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்பியவர், பருத்திப்பட்டு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை எடுக்கப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ராஜகுமாரி மகனுக்குப் போன் செய்தாள். ஆபீஸில் இருந்த பிரசன்னா 108ஐ அழைத்தான். அந்த வண்டி வருவதற்கு முன்பே, எப்படித் தெரிந்ததோ, வேறொரு வேன் வந்து நின்றது. சைரன், சிவப்பு விளக்கு, நீலச் சட்டை, சட்டையின் கையில் அரசு முத்திரை. இறங்கியவன் மனோகரனை ஏற்றினான். உள்ளே இடமில்லை, நீங்கள் முன்னால் ஏறுங்கள் என்று ராஜகுமாரியிடம் சொல்லிவிட்டு, பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வேன் பக்கத்திலிருந்த ஆவடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எதிர்த் திசையில் திரும்பி, பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்கு அப்பால் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் போய் நின்றது. ஆள் கொண்டுவந்து விட்டால் அங்கே கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்தபோது மனோகரன் உயிரோடு இல்லை.

அந்தக் காலையின் வேறொரு துண்டு பிரசன்னாவிடம் இருக்கிறது. அம்மாவிடமிருந்து "வண்டி வந்துட்ச்சிப்பா, ஏத்திட்டாங்க" என்று கேட்டு, ஆபீஸ் படியில் அவன் மூச்சு விட்டுக்கொண்டு நின்றபோது மறுபடி போன் வந்தது. உண்மையான ஆம்புலன்ஸ்காரர்கள். வாசலில் நிற்கிறோம், வீடு பூட்டியிருக்கிறது, நோயாளி எங்கே சார் என்று கேட்டார்கள். நீங்கள்தானே ஏற்றிக்கொண்டு போனீர்கள் என்றான் இவன். இல்லை சார், நாங்கள் இப்போதுதான் வருகிறோம் என்றது அந்தக் குரல். இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவன் கை ஒரு கணம் எடுக்க மறுக்கும்.

இன்று ராஜகுமாரி சாட்சி சொல்லும் நாள்.

பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போக அதே சாலைதான். கூவம் பாலத்தில் ஏறும்போது கார் லேசாகக் குலுங்கியது. ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். பிரசன்னா கண்ணாடியில் பார்த்தான்.

கோர்ட் வளாகத்தில் அரசு வழக்கறிஞர் அருள்மொழி அவர்களுக்காகக் காத்திருந்தார். வயதில் ராஜகுமாரியைவிட இளையவர். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். அவசர உதவிக்கு வந்த அரசு ஊழியன் மாதிரி நடித்து ஏமாற்றியதுதான் குற்றச்சாட்டு, நிரூபணமானால் ஆறு மாதத்துக்குக் குறையாது, மூன்று வருடம் வரை போகலாம் என்றார். ஆனால் எதிர்த்தரப்பு, நீலச் சட்டை யார் வேண்டுமானாலும் போடலாம், என் கட்சிக்காரன் தன்னை அரசு ஆள் என்று யாரிடமும் சொல்லவில்லை என்று வாதாடப் போகிறது. வேனை ஓட்டியவன் அன்று ஊரைவிட்டுப் போனவன், இன்னும் கிடைக்கவில்லை. வாசலில் என்ன பேச்சு நடந்தது என்பதற்கு ராஜகுமாரி ஒருத்திதான் சாட்சி.

"நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்கம்மா. கூட்ட வேணாம், குறைக்க வேணாம்," என்றார் அருள்மொழி.

நடந்ததை நடந்த மாதிரி. ராஜகுமாரிக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த வாசலுக்கு அவள் எத்தனை முறை திரும்பிப் போய்விட்டாள். அடுப்பில் சோறு பொங்கும்போது, ஏரிக்கரையில் நடக்கும்போது, தூக்கத்தில். போய்ப் போய், எது நடந்தது, எது தானாகச் சேர்த்துக்கொண்டது என்றே சில சமயம் தெரியாமல் போகிறது.

அடுத்த சாட்சி பிரசன்னா என்பதால் அவன் உள்ளே உட்காரக் கூடாது. அம்மாவைக் கதவுவரை கொண்டுவந்து விட்டான். டவாலி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். தன் பெயர் யாரோ காணாமல்போன ஒருத்தியின் பெயர்போல அவளுக்குக் கேட்டது.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். எதிரே, அன்று நீலச் சட்டையில் வந்த அரவிந்தன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. ஜாமீனில் வெளியே இருப்பவன். அன்றைக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தவன், இப்போது பிரசன்னாவைவிடச் சின்னவனாக இருந்தான். கடைசி பெஞ்சில் அவனுடைய அப்பா வீராசாமி, செக்யூரிட்டி சீருடையின் பேன்ட்டோடு, மேலே வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும்.

அருள்மொழி கேட்டதற்கெல்லாம் ராஜகுமாரி நிதானமாகவே பதில் சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, மெதுவான குரல். காவல் நிலையத்தில் பதிவான அவள் வாக்குமூலத்தைப் படித்தார். 'நான் அரசு அவசர ஊர்தி ஊழியர் என்று எதிரி என்னிடம் கூறினார்' என்று இருந்தது. இந்த வார்த்தைகளை அவன் சொன்னானா என்று கேட்டார்.

ராஜகுமாரி கொஞ்சம் யோசித்தாள். இல்லை, அப்படிச் சொல்லவில்லை என்றாள்.

அருள்மொழியின் பேனா நின்றது. வக்கீல் திருப்தியோடு உட்காரப் போனார். ராஜகுமாரி முடிக்கவில்லை.

"அப்பிடி புஸ்தகத்துல கீற மாதிரி யாரு பேசுவாங்க. எழுதினவரு அவரு தமிழ்ல எழுதிகினாரு. நான்தான் கேட்டேன், கவர்மெண்டு வண்டியாப்பான்னு. ஆமாம்மா, கவர்மெண்டுதான், பயப்படாதீங்கன்னான். கைல கீற முத்திரய தொட்டுக் காட்டினான்."

சொல்லச் சொல்ல அவளுக்கே அது தெளிவானது. அந்த விரல், அந்த முத்திரை, ஓரத்தில் பிரிந்திருந்த நூல். எதையும் அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. நடந்ததுதான்.

வக்கீல் வேறு பக்கமாக வந்தார். அவள் பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்தானே என்றார். ஆமாம். ஆவடி ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று தெரியும்தானே. தெரியும். முன் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டுதானே போனாள். ஆமாம். வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பியபோது, ஏன் இப்படிப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை என்றால், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவது அவளுக்கும் சம்மதம் என்றுதானே பொருள்?

"கேக்கல," என்றாள்.

ஏன் என்று அவர் கேட்டார்.

இத்தனை மாதங்களில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை. அவள் மட்டும் தன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நெனச்சேன். திரும்பும்போதே நெனச்சேன், இன்னா இந்தப் பக்கம் போறாங்கன்னு. ஆனா அந்த சட்ட போட்டுகினு கீறவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது? அந்த சட்டய நம்பி வாய மூடிகினு உக்காந்திருந்தேன்."

வக்கீல் மேற்கொண்டு ஏதும் கேட்கவில்லை. நடுவர் தட்டச்சு செய்பவரிடம், சாட்சி சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்யும்படி சொன்னார். எதிர்க் கூண்டில் அரவிந்தன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கீழே போட்டிருந்தான்.

பிரசன்னாவின் சாட்சியம் அன்று எடுக்கப்படவில்லை. வேறு வழக்குகள் நிறைய இருந்ததால் அடுத்த வாய்தாவுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தேதியைக் கேட்டு வரப் பிரசன்னா அருள்மொழியோடு போனான். ராஜகுமாரி வளாகத்துப் புங்கமரத்தடியில், சிமென்ட் மேடையில் உட்கார்ந்தாள். உடம்பு காய்ச்சல் விட்ட மாதிரி லேசாக இருந்தது.

நிழல் ஒன்று வந்து நின்றது. அரவிந்தன்.

சாட்சிகளிடம் பேசக் கூடாது என்பது அவனுடைய ஜாமீன் நிபந்தனை. அருள்மொழி அதை முதலிலேயே சொல்லியிருந்தார். அவள் எழுந்து போயிருக்கலாம். பத்தடியில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டையும் அவள் செய்யவில்லை. ஏனென்றால் மனோகரனோடு கடைசியாக இருந்தவன் இவன். முன் சீட்டுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள்.

"ஐயா பேசினாரும்மா," என்றான்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

நர்சிங் ஹோம் டாக்டர் வேறு சொல்லியிருந்தார். வண்டியில் ஏற்றும்போதே உயிர் போய்விட்டது, எங்கே கொண்டுபோயிருந்தாலும் பயனில்லை என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது, தூங்கியது, வேலைக்குப் போனது.

"எப்ப?" என்றாள்.

"பாலம் ஏறும்போது. வண்டி குலுங்கிச்சி, கண்ண தொறந்தாரு. ஜன்னல பாத்துட்டு, தம்பி, இது ஆவடி போற வழி இல்லியேன்னாரு."

அவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாம் சரியாதான் போவுது, படுங்கய்யான்னேன்."

"அதுக்கு?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "சரிப்பான்னாரு. கண்ண மூடிகினாரு. அப்புறம் பேசல."

ராஜகுமாரி மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தினாரா, தன்னைத் தேடினாரா, வலியில் துடித்தாரா என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்திருந்தாள். இதை நினைத்ததில்லை. சரிப்பா. காய்கறிக்காரனிடம் சொல்கிற மாதிரி, பிரசன்னா ஆபீஸ் கிளம்பும்போது சொல்கிற மாதிரி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் வழி தப்பியதைப் பார்த்திருக்கிறார். அவரும் அந்தச் சட்டையை நம்பியிருக்கிறார்.

அரவிந்தன் பேசிக்கொண்டே போனான். இந்த வேலைக்குத்தான் படிக்கச் சேர்ந்ததாகவும், பாதியில் விட்டதாகவும், சட்டையை மட்டும் தைத்துக்கொண்டதாகவும் சொன்னான். முதலில் போட்டபோது ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்கியதைப் பார்த்துப் பெருமையாக இருந்ததாம். இப்போது கண்ணை மூடினால் ஒரு குரல் வழி கேட்கிறதாம். அவள் கூண்டில் நின்று சொன்னதைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை என்றான். அடுத்த வாய்தாவில் நடுவரிடம் இதைத் தானே சொல்லிவிடப் போவதாகவும், வக்கீல் கூடாது என்கிறார் என்றும் சொன்னான்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது.

"அவரு கைய புடிச்சிகினு இருந்தியா?"

"இல்லம்மா. போன்ல பேசிகினு இருந்தேன். ஆள் எடுத்துகினு வரேன்னு அந்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லிகினு இருந்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குள் வீராசாமி ஓட்டமும் நடையுமாக வந்து மகனைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார். அவன் போனதும் ராஜகுமாரியின் முன்னால் வந்து நின்றார். கைகள், கூப்பவா வேண்டாமா என்று தெரியாமல், பாதியில் நின்றன. திருமழிசையில் அப்பா காலம்வரை வயல் வேலை, எனக்கு மூட்டை தூக்குகிற வேலை, இப்போது கேட்டில் நிற்கிற வேலை, மகனாவது சட்டை கசங்காத வேலைக்குப் போகட்டும் என்றிருந்தேன் என்று எங்கோ ஆரம்பித்து எங்கோ நின்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"வக்கீலு சொல்றாருமா, இப்ப கீற கேஸு ஆள்மாறாட்டத்தோட போயிடும். இவன் இத சொன்னா, உயிரு கீறவர வேணும்னே வேற வழில இட்டுகினு போனான்னு ஆயிடுமாம். பெரிய செக்‌ஷனாம். நீ யாராண்டயும் சொல்லாதம்மா. நான் அவன சொல்லாம பாத்துக்கறேன்."

ராஜகுமாரி எழுந்து நின்றாள். மரியாதையோடுதான் சொன்னாள்.

"உங்க புள்ளைய நீங்க பாத்துக்கறீங்க. என் ஊட்டுக்காரரு கடசியா பேசினத நான் எங்க வெச்சிக்கட்டும்?"

பிரசன்னா வருவதைப் பார்த்ததும் விலகிப் போனார்.

யார் அது, என்ன கேட்டார் என்றான் பிரசன்னா. அந்தப் பையனோட அப்பா என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் இறுகியது. போய்ச் சத்தம் போடப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

சென்னீர்க்குப்பம் நெருங்கும்போது கொரட்டூரிலிருந்து மகள் ரேஷ்மா அழைத்தாள். பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் அவளால் கோர்ட்டுக்கு வர முடியவில்லை. பிரசன்னா காரின் ஸ்பீக்கரில் போட்டான். அம்மா கூண்டில் பயப்படாமல் பேசினாள் என்று அருள்மொழி மேடம் சொன்னார், வழக்கு உறுதியாக நிற்கும் என்றார் என்று சொன்னான். ரேஷ்மா கேட்டுக்கொண்டே இருந்து அழ ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அழுகிற இடத்தில்தான் அழுதாள். ஆவடிக்கே போயிருந்தால் அப்பா இருந்திருப்பாரோ என்ற இடம்.

பிரசன்னா அவளிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் தாலாட்டு மாதிரி ஆகிவிடும்.

"எங்க போயிருந்தாலும் ஒண்ணுதான் ரேஷ்மா. ஏத்தும்போதே அப்பா போயிட்டாரு. டாக்டரே சொன்னாரே. அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அவர் கஷ்டப்படல."

பின் சீட்டில் ராஜகுமாரி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொல்லாமலே இருந்துவிடலாம். வீராசாமி மகனை அடக்கிவிடுவார். இந்த இரண்டு பிள்ளைகளும் அந்த வாக்கியத்தோடு நிம்மதியாக இருப்பார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் பாலம் வந்துவிடும். பிறகு தினமும் அந்தப் பாலம் வரும். தினமும் அவள் மட்டும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு தாண்ட வேண்டும்.

"பிரசன்னா, வண்டிய ஓரங்கட்டு. போன வை."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு கூப்பிடுகிறேன் என்று ரேஷ்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு டயர்க் கடைக்கு முன்னால் நிறுத்தினான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாலம், ஜன்னல், ஆவடி போற வழி இல்லியே, படுங்கய்யா, சரிப்பா.

அவன் சீறுவான், வண்டியைத் திருப்பிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான் என்று நினைத்திருந்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"அப்போ பாலம் வரைக்கும் இருந்திருக்கார்," என்றான் கடைசியில். "அந்த நேரத்துக்கு ஆவடியே வந்திருக்கும்மா."

"ஆமாம்பா."

"அவன் இத கோர்ட்ல சொல்வானா?"

"சொல்றேன்னான். அவங்கப்பா உடமாட்டாரு."

"விடலேன்னா?"

"நான் மறுபடி ஏறிச் சொல்றேன்," என்றாள். சொன்ன பிறகுதான், அதை முடிவு செய்துவிட்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

போன் அடித்தது. திரையில் ரேஷ்மாவின் பெயர். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

நான் பேசட்டுமா என்று ராஜகுமாரி கையை நீட்டினாள். பிரசன்னா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, போனைத் தானே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"ரேஷ்மா, பாப்பாவ மாமியார்கிட்ட குடுத்துட்டு ஒரு எடத்துல உக்காரு. நான் உன்கிட்ட ஒரு விஷயத்த இத்தன நாளா தப்பா சொல்லிட்டு இருந்திருக்கேன்."